எங்கள் ஓடையை யாரிடம் ஒப்படைப்பது?

எங்கள் ஊருக்குக் கீழே தார்ச்சாலைக்கு அடியில் ஒரு ஹியூம் குழாய், அதாவது கான்கிரீட் குழாய், கிடக்கிறது. மூன்றடி விட்டம். போன ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் காலை நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். கேரட் கழுவும் இடத்திலிருந்து வந்த சாக்குகள், ஒரு கற்பூர (யூகலிப்டஸ்) மரத்துண்டு, யாரோ தூக்கிப்போட்ட மெத்தை, எல்லாவற்றின் மேலும் முழங்கால் உயரத்துக்குச் செம்மண். மிச்சம் இருந்த சந்து ஒரு சாண் இருக்கும். 140 வீட்டுத் தண்ணீரும் மேலே இருக்கிற ஐம்பது ஏக்கர் தேயிலைத் தண்ணீரும் அந்தச் சாண் வழியாகப் போயாக வேண்டும். போகவில்லை. சாலை மேல் ஏறிக் கீழ்வரிசையில் ஏழு வீட்டுக்குள் புகுந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ஊர்க்கூட்டம் போட்டோம். ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. யாரிடம் போய் நிற்பது என்பதில்தான் நாலு கட்சி. பேரூராட்சியைப் பிடி என்றார் ஒருவர், நெடுஞ்சாலைத் துறை என்றார் இன்னொருவர். கலெக்டர் ஆபீசில் பேரிடர் நிதி இருக்கிறது என்று ஒரு தம்பி போனை எடுத்துக் காட்டினான். "எவனும் வரமாட்டான், நாமளே காசு போட்டுக் கட்டுவோம்" என்று ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். கடைசியில், "நீதானே மனு எழுதுறவன், எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதிக் கொண்டா" என்று என் தலையில் கட்டினார்கள். நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி பக்கத்து ஊர் பலவற்றுக்கும் இதே பாடுதான் என்பதால் கொஞ்சம் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஓடையின் ஜாதகம். மொத்தம் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். உற்பத்தி ஒரு சோலையில், அது வனத்துறை. அங்கிருந்து இறங்கித் தனியார் எஸ்டேட் வழியாக வருகிறது. அப்புறம் எங்களைப் போன்ற சிறு விவசாயிகளின் பட்டா நிலம். ஊரைத் தொடும்போது இடது கரை பேரூராட்சி, வலது கரை ஊராட்சி, ஓடைதான் எல்லை. குழாயும் அதன் மேல் சாலையும் நெடுஞ்சாலைத் துறை. அதற்குக் கீழே புறம்போக்கு. அங்கேதான் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களும் கூலி வேலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் குன்னூர் ஆறு, அங்கிருந்து பவானி. ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஏழு எசமான். தண்ணீருக்கு இதெல்லாம் தெரியாது, ஃபைலுக்குத்தான் தெரியும்.

நீலகிரியில் இந்தக் குழப்பம் மற்ற மாவட்டத்தை விட ஒரு பிடி அதிகம். மாவட்டம் முழுக்க ஊராட்சிகள் 35தான். 2022 தேர்தலின்போது பேரூராட்சிகள் மட்டும் 11, நகராட்சிகள் 4. கேத்தி, அதிகரட்டி, ஜெகதளா, உலிக்கல் எல்லாம் பார்வைக்குக் கிராமம், சட்டப்படி பேரூராட்சி. ஓடைக்கு அந்தக் கரையில் கிராம சபை, இந்தக் கரையில் வார்டு மக்கள் கூடுகிற பகுதி சபை. அங்கே ஊரக வளர்ச்சித் துறை, இங்கே பேரூராட்சிகள் இயக்ககம். ஒரு கரைக்காரர் எழுதும் மனு மறு கரையின் மேசைக்குப் போகவே போகாது.

அடுத்து, எவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த நாலைந்து நாளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்ணுக்கடியில் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. 82 சென்டிமீட்டர் என்றால் ஓர் ஏக்கரில் 33 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் 270 நடைக்கு மேல். எங்கள் ஐம்பது ஏக்கருக்கு அதைப் பரப்பிப் பார்த்தால், இருபத்துநாலு மணி நேரமும் ஒரே சீராகப் பெய்தாலும் நொடிக்கு ஏறக்குறைய 1,900 லிட்டர் கீழே வரும். சுத்தமாக இருக்கிற மூன்றடிக் குழாயில், நொடிக்கு மூன்று மீட்டர் வேகம் என்று தாராளமாக வைத்தாலும், போகக்கூடியது அதே 1,900 லிட்டர்தான். மழை எங்கே சீராகப் பெய்கிறது? இரண்டு மணி நேரத்தில் பாதியைக் கொட்டிவிட்டுப் போகும். ஆக, குழாய் சின்னது என்பது உண்மை. ஆனால் போன வருடம் பெய்தது 2009-ல் பெய்ததில் பத்தில் ஒரு பங்கு கூட இராது. அந்த மழைக்கு இந்தக் குழாயே போதும், சுத்தமாக இருந்திருந்தால்.

நான் எடைபோடுகிற படிக்கல் இதிலிருந்துதான் வருகிறது. கட்டுவதற்கு யாரிடம் அதிகப் பணம் இருக்கிறது என்று கேட்டால் விடை ஒரு மாதிரி வரும். ஆவணி முடிவதற்குள் குழாயை அள்ளு என்று யார் கையெழுத்துப் போடுவார், போடாவிட்டால் யாரைப் பிடித்துக் கேட்க முடியும் என்று கேட்டால் விடை வேறு. 1978, 1993, 2009 — நம் பக்கத்தைப் புரட்டிப்போட்ட மூன்று மழையும் நவம்பர் மழை. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் தென்மேற்குப் பருவத்துக்கு மே மாதத்திலேயே அள்ளி முடிக்க வேண்டும். நமக்குச் செப்டம்பர்தான் கெடு. இந்தத் தேதியை மதிக்கிற ஏற்பாடு எது?

பேரூராட்சியையும் ஊராட்சியையும் முதலில் பார்ப்போம், சட்டப்படி முதல் பொறுப்பு அவர்களுடையது என்பதால். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் வடிகால் கட்டுவதும் பராமரிப்பதும் ஊராட்சியின் கட்டாயக் கடமைகளில் ஒன்று. பேரூராட்சிக்கும் அப்படியே. பணம்? வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் சம்பளத்துக்கும் தெருவிளக்குக்கும் சரியாகப் போய்விடுகிறது. பெரிய பணம் என்பது மத்திய அரசின் நிதிக்குழு மானியம். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் கொடுத்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த பணம். மிச்சம் 40 சதவீதத்தில்தான் ஊர் விருப்பம். அந்த 40-ல் சாலை, சுற்றுச்சுவர், சமுதாயக் கூடம் எல்லாம் வரிசையில் நிற்கும். ஓடையை அள்ளினேன் என்று யாரும் திறப்பு விழா நடத்த முடியாது. அதனால் அது வரிசையின் கடைசி.

ஆனால் இந்தக் கதவுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, கேள்வி கேட்கலாம். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: குடியரசு தினம், மார்ச் 22 தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, நவம்பர் 1. நம் மழைக்கு ஆகஸ்ட் 15 சபைதான் முக்கியம். அதில் தீர்மானம் போட்டால் ஒரு மாதம் கையில் இருக்கும். அக்டோபர் 2-ல் போட்டால் வேலை உத்தரவு வருவதற்குள் மழை வந்துவிடும். எங்கள் பக்கம் பேரூராட்சி என்பதால் பகுதி சபை. வார்டு மெம்பர்தான் அதற்குத் தலைவர். அவர் வீடு கோயிலுக்கு எதிரே. ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டலாம், தட்டியும் இருக்கிறோம்.

வலது கரைக்கு இந்தச் சௌகரியம் போய்விட்டது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத இடத்துக்கு நிதிக்குழு மானியம் கிடையாது என்பது நிதிக்குழுவே போட்ட நிபந்தனை. தலைவர் போனால் கேட்க ஆளில்லை என்பது மட்டுமில்லை, வரவேண்டிய காசுக்கும் தடை என்று அர்த்தம். உள்ளாட்சியை மட்டும் நம்பி ஓடையைக் கட்டிவைத்தால் தேர்தல் தள்ளிப்போகும் வருடத்தில் ஓடை அநாதை.

நெடுஞ்சாலைத் துறை விஷயம் சீக்கிரம் முடியும். அவர்களிடம் இயந்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, வேகம் இருக்கிறது. மேட்டுப்பாளையம்–ஊட்டி சாலையில் மண் விழுந்தால் விடிவதற்குள் பொக்லைன் வந்து நிற்கும். பஸ் போயாக வேண்டுமே. இப்போதெல்லாம் சரிவில் இரும்புக் கம்பி அடித்து வலை போட்டுப் புல் வளர்க்கும் வேலை கூடச் செய்கிறார்கள். அவர்களுடைய குறி சாலை. சாலையிலிருந்து தண்ணீர் இறங்கினால் போதும், எங்கே இறங்குகிறது என்பது அவர்கள் புத்தகத்தில் இல்லை. எங்கள் ஊருக்கு மேலே அழகாக ஒரு கான்கிரீட் பக்கக் கால்வாய் போட்டார்கள். அது முடிகிற இடம் ஒருவருடைய தேயிலைத் தோட்டம். மூன்று மழையில் அங்கே ஆள் மறையும் பள்ளம். குழாயைப் பெரிதாக்கச் சொல்லி அவர்களிடம்தான் கேட்க வேண்டும், கேட்போம். ஓடையை ஒப்படைக்கிற இடம் அது இல்லை.

மேல்பகுதிக்கு வேளாண் பொறியியல் துறை. ஊரில் இந்தப் பெயரைச் சொன்னதும் பாதிப் பேர், "டிராக்டர் மானியம் தர்றவங்கதானே?" என்றார்கள். மண்வளப் பாதுகாப்பும் அவர்கள் வேலைதான்: சமஉயர வரப்பு, கல் தடுப்பணை, ஓடைக்கரையில் கம்பிவலைக் கல் அடுக்கு. குந்தா நீர்ப்பிடிப்பில் அணைகள் மண்ணால் தூர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த வேலைகள் வருடக்கணக்காக நடந்தன. அங்கே கரண்ட் எடுக்கிற அணை இருக்கிறது, அதனால் மண்ணுக்கு மதிப்பு. எங்கள் மண் போய்ச் சேருகிற இடத்தில் வருத்தப்பட யாரும் இல்லை. ஊட்டியில் 1950-களிலிருந்து மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் வேறு இருக்கிறது. சரிவில் தண்ணீரை எப்படி நடக்கவைப்பது என்று தெரிந்தவர்கள் பஸ் ஏறினால் போகிற தூரத்தில் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒருவர் கூடப் போய்ப் பார்த்ததில்லை. இதில் துறையைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், பட்டா நிலத்தில் வேலை செய்ய ஒவ்வொருவரும் ஒப்புதல் எழுதித் தர வேண்டும். எங்கள் ஐம்பது ஏக்கரில் கூட்டுப் பட்டா ஏழு. அண்ணன் கோயம்புத்தூரில், தம்பி பெங்களூரில், அத்தை காலமாகி வாரிசுச் சான்று வாங்கவில்லை. வேலைக்கு ஒரு மாதம், கையெழுத்துக்கு ஒரு வருடம்.

இங்கே ஹெச்.ஏ.டி.பி. பற்றி ஒரு வார்த்தை. 1970-களின் நடுவில் நீலகிரிக்கென்று மத்திய அரசு தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம். நம் ஊர்ப் படிக்கட்டு, தடுப்புச் சுவர், பாலம் எதைப் பார்த்தாலும் அதன் பெயர் பொறித்த கல் இருக்கும். மத்தியப் பணம் நின்றபின் மாநில அரசு சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று தன் காசில் நடத்துகிறது. ஒரு மலைக்கென்று தனியாக ஒதுக்கிய பணம் எவ்வளவு நல்லது என்பதற்கு அது சாட்சி. அந்தச் சுவர்களில் எத்தனையின் நீர்த்துளைகளை, அதாவது பின்னால் தேங்கும் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளை, யாராவது ஒருமுறையேனும் குத்திவிட்டிருக்கிறார்கள் என்று நடந்து போய்ப் பாருங்கள், அந்த ஏற்பாட்டில் எது விட்டுப்போனது என்பதும் தெரியும்.

அடுத்து அந்தத் தம்பி சொன்ன பேரிடர் நிதி. இதில் எங்கள் ஊரில் மட்டுமில்லை, நிறையப் பேருக்குக் குழப்பம். நிதி இரண்டு வகை. ஒன்று மாநிலப் பேரிடர் நிவாரண நிதி; மண்சரிவு, வெள்ளம் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. அது நடந்தபிறகு வருகிற பணம்: உயிர்போனவர் குடும்பத்துக்கு, இடிந்த வீட்டுக்கு, அடைபட்ட பாதையைத் திறக்க. வரப்போவதைத் தடுக்கச் சுவர் கட்ட அதில் இடமில்லை. இன்னொன்று பேரிடர் தணிப்பு நிதி. மொத்தத்தை நூறு ரூபாய் என்று வைத்தால் நிவாரணத்துக்கு 80, தணிப்புக்கு 20 என்று பதினைந்தாவது நிதிக்குழு பிரித்தது. நாம் தட்ட வேண்டியது அந்த இருபது ரூபாய்க் கதவு.

மத்திய, மாநிலப் பங்கு வீதத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இமயமலை மாநிலங்களுக்கும் வடகிழக்குக்கும் மத்திய அரசு 90, மாநிலம் 10. நமக்கு 75, 25. மலை என்பதை மாநிலக் கணக்கில் பார்க்கிறார்கள்; தமிழ்நாடு மலை மாநிலம் இல்லை, ஆகவே நீலகிரியும் கொடைக்கானலும் டெல்லி கணக்கில் சமவெளி. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு இதைப் படிக்கும்போது சிரிப்புத்தான் வருகிறது.

இந்தப் பணத்துக்கு வாசல் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம். கலெக்டர் தலைவர். உள்ளாட்சியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இணைத் தலைவராக இருக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட ஊராட்சியின் பதவிக்காலமும் 2025 ஜனவரியோடு முடிந்ததால் அந்த நாற்காலியின் கதியையும் யோசித்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் ஆபத்தான இடங்கள் என்று நிர்வாகம் குறித்துவைத்திருக்கிற எண்ணிக்கை 283. மழைக்கு முன்னால் அதிகாரிகள் ஆய்வுக்குப் போவதும், மழையில் குழுக்கள் போய் நிற்பதும் அந்தப் பட்டியலை வைத்துத்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மண்சரிவு முன்னறிவிப்பைச் சோதித்துப் பார்க்க டார்ஜிலிங்கோடு நீலகிரியைத்தான் எடுத்துக்கொண்டது. இதெல்லாம் பெரிய விஷயம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முன்னறிவிப்பு நம்மை வீட்டை விட்டு வெளியே அனுப்பும். குழாயில் அடைத்த மெத்தையை வெளியே எடுக்காது. எங்கள் ஓடை அந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் ஏற விஏஓ முதல் தாசில்தார் வரை அறிக்கை வேண்டும், பிறகு திட்ட அறிக்கை, பிறகு சென்னை. மூன்று பருவமழை பொறுக்கிறவர்களுக்கு நல்ல வழி.

சுவர் என்றதும் எனக்கு நினைவு வருவதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். சில வருடத்துக்கு முன் எங்கள் ஊர் மேல்தெருவில் ஒரு துறை இருபதடி உயரத்தில் தடுப்புச் சுவர் கட்டியது. எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். கட்டும்போது நீர்த்துளைக் குழாய்களை வரிசையாக வைத்தார்கள், பார்த்தேன். கடைசி நாள் பூச்சு வேலைக்கு வந்த மேஸ்திரி, பார்க்க வழவழப்பாக இருக்கட்டும் என்று அத்தனை துளையையும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார். பின்னால் கல்லும் ஜல்லியும் நிரப்ப வேண்டிய இடத்தில் தோண்டிய மண்ணையே தள்ளி மூடியிருந்தார்கள். மூன்றாவது மழையில் சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி முன்னால் தள்ளியது, நாலாவதில் விழுந்தது. பின்னால் நின்றது மண்ணின் எடை மட்டுமில்லை, வெளியே வர வழியில்லாத தண்ணீர். பொறுப்பு யார் என்று கேட்கப் போனபோது ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடிந்திருந்தது. எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஜல்லி நிரப்பியதாக எழுதிப் பில்லும் போயிருந்தது.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று இப்போது தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காகிதம் கேட்பது மட்டுமில்லை. நடக்கிற வேலையைப் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு, இரண்டாவது பிரிவிலேயே இருக்கிறது. பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, பூச்சு வேலைக்கு முன்னாலேயே, அளவுப் புத்தகத்தின் நகலையும் வேலையைப் பார்க்க ஒரு தேதியையும் கேட்டிருந்தால் அந்தச் சுவர் இன்றைக்கு நின்றிருக்கலாம். யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் இந்தப் பத்து ரூபாயைச் செலவழிக்க ஊரில் ஓர் ஆள் வேண்டும்.

கடைசிக் கட்சி பெரியவருடையது: நாமே போடுவது. அரசாங்கத்திலேயே இதற்கு வழி உண்டு. நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மிச்சத்தை அரசு போடும். 2017-ல் குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோது பாசனதாரர் பங்கு பத்து சதவீதம், காசாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ கொடுக்கலாம் என்றார்கள். இன்னும் பின்னால் போனால் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியமே இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டு. தண்ணீரை ஊரே பார்த்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை. படகர்கள் கும்பிடும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, பாக்கி இல்லாமல் வசூலித்து, கணக்கைப் பலகையில் எழுதுகிற ஊருக்கு ஓடைக் கணக்கு எழுதத் தெரியாதா?

தெரியும். எங்கே உதைக்கிறது என்றால், வீட்டுக்கு இவ்வளவு என்பதில். தண்ணீரை அனுப்புகிறவர் மேலே, வாங்குகிறவர் கீழே. கீழே இருப்பவர் தகரக் கொட்டகைக்காரர், நாள் கூலி. மேலே ஒரு ரிசார்ட் வந்திருக்கிறது. கார் நிறுத்த முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்திருக்கிறார்கள், விழுகிற மழை அப்படியே வழிந்து ஓடைக்கு. இருவரிடமும் ஒரே தொகையை வாங்கினால் நனைகிறவனே குடைக்கும் காசு கொடுத்த கதை. கொட்டகைக்காரர் கட்டமுடியாமல் போனால் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கரைச்சுவர் மதிப்பீட்டிலிருந்து விழுந்துவிடும் என்பது அதைவிட மோசம்.

இதற்கு வெளிநாட்டில் ஒரு பழைய தீர்வு இருக்கிறது. இங்கிலாந்தின் தாழ்வான பகுதிகளில் உள் வடிகால் வாரியம் என்று நூற்றுக்கும் மேல் உண்டு. வேலை ஒன்றே ஒன்று, வடிகால். விவசாய நிலக்காரர்கள் நில மதிப்புக்கு ஏற்ப வடிகால் வரி கட்டுகிறார்கள். வீடுகளுக்கும் கடைகளுக்கும் சேர்த்து உள்ளூர் மன்றம் ஒரு தொகை கட்டுகிறது. வாரியத்தில் இரு தரப்புக்கும் இடம் உண்டு. நெதர்லாந்தில் 21 நீர் வாரியங்கள். அவற்றுக்கென்று தனித் தேர்தல், தனி வரி. யாருக்கு அக்கறையோ அவர் கட்டுவார், கட்டுகிறவர் சொல்வார் என்பது அங்கே அடிப்படை. அப்படியே இங்கே இறக்க முடியாது. அவர்களுடையது தட்டையான நாடு, தேங்குகிற தண்ணீரை வெளியேற்றுவதுதான் கவலை. நமக்குக் கவலை ஓடுகிற தண்ணீரை நிதானப்படுத்துவது. வரி போடும் அதிகாரமும் ஊர்க் குழுவுக்குக் கிடையாது. ஆனால் இரண்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம்: எல்லை என்பது ஊராட்சிக் கோடு இல்லை, நீர்ப்பிடிப்பு; பங்கு என்பது வீட்டுக்கு இல்லை, நீ அனுப்புகிற தண்ணீருக்கு.

இனி என் சிபாரிசு. சிலருக்குப் பிடிக்காது.

நம் சொந்தக் காசை நமக்கு நாமே திட்டத்தில் சுவர் கட்டப் போட வேண்டாம். சுவருக்கு, குழாய்க்கு, தடுப்பணைக்கு என்றால் யாராவது ஒரு துறை என்றைக்காவது பணம் கொண்டுவரும். திறந்துவைக்கக் கல் இருக்கிற வேலைக்குக் காசு வராமல் போனதில்லை. வராத காசு அள்ளுகிற காசுதான். ஆகவே நம் பங்கை அதற்கு வைப்போம். ஆவணியில் ஒரு முறை, மழைக்கு நடுவில் ஒரு முறை, குழாயும் அதற்கு மேல் இருநூறு மீட்டரும். ஆறு ஆள், இரண்டு நாள்; மேல்பகுதிக்கு மண்வெட்டி போதும். குழாய்க்கு முன்னால் மரத்துண்டையும் சாக்கையும் நிறுத்த ஓர் இரும்புச் சட்டம், அதைத் தினமும் பார்க்க மழைக்காலத்துக்கு மட்டும் ஒருவர். அந்த ஆள் கீழ்வரிசையிலிருந்து இருக்கட்டும், கூலியும் அங்கேயே போகட்டும். அவருக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது, அவர்தான் போய்ப் பார்ப்பார்.

குழு ஒன்று, கரை இரண்டு. பேரூராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம், அதே வாசகத்தில் அந்தக் கரைக் கிராம சபையில் ஒரு தீர்மானம், இரண்டும் ஆகஸ்டுக்குள். தனி அலுவலர் இருந்தாலும் சபை கூடும், தீர்மானம் புத்தகத்தில் ஏறும். தீர்மானத்தில் கேட்பது பணம் இல்லை: ஓடையைத் தூர்வார ஊர்க் குழுவுக்கு அனுமதி, அள்ளிய மண்ணைக் கொட்ட இடம், வருடத்துக்கு ஒரு தடவை பொக்லைன். மலையில் பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதை மறந்துவிட்டு நாமாக வாடகைக்குக் கூப்பிட்டால் வண்டியும் போகும், வழக்கும் வரும். மண்ணைக் கீழே ஓடையிலேயே தள்ளுகிற பழக்கமும் வேண்டாம். அது அடுத்த ஊருக்கு நாம் செய்கிற துரோகம்.

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒற்றை வரி மனு: மூன்றடிக் குழாயை எடுத்துவிட்டுப் பெட்டி வடிவச் சிறுபாலம். கூடவே நான் மேலே போட்ட கணக்கையும், குழாய்க்குள் எடுத்த போட்டோவையும் இணைத்துவிடுவோம். வேளாண் பொறியியல் துறைக்குப் போவதற்கு முன்னால் கையெழுத்து வாங்குகிற வேலை நம்முடையது; பெங்களூர்த் தம்பிக்கு அவர் சித்தப்பாவே போன் போடட்டும். பேரிடர்ப் பட்டியலில் ஏற இப்போதே விண்ணப்பித்துவிட்டு மறந்துவிடுவோம், வந்தால் லாபம்.

பங்குக் கணக்குக்கு என் யோசனை: தகரக் கொட்டகைக்குக் காசில்லை, உழைப்பு மட்டும், அதுவும் விருப்பம் இருந்தால். ஓட்டு வீடு, தார்சு வீட்டுக்கு ஒரு பங்கு. முற்றத்தில் சிமென்ட் போட்டவருக்கு இரண்டு. தேயிலைக்கு ஏக்கருக்கு ஒரு பங்கு. சரிவில் வரப்பும் தண்ணீர்க் குழியும் எடுத்தவருக்கு அரைப் பங்கு. கேரட் கழுவுகிறவருக்கு நாலு, சாக்கு ஓடையில் கண்ணில் பட்டால் எட்டு. இதில் எதற்கும் சட்ட பலம் கிடையாது, ஊர்க் கட்டுப்பாடு மட்டும்தான். பண்டிகை வரிக்கும் அப்படித்தான்.

ரிசார்ட்டுக்கு எத்தனை பங்கு என்பதில்தான் ஞாயிற்றுக்கிழமை சத்தம் வரும். நான் பத்து என்று எழுதியிருக்கிறேன். அங்கே வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர், வேண்டாம் அண்ணா, ஐந்தாக்குங்கள் என்று நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முற்றத்துக் கல்லைப் பெயர்த்து ஒரு பகுதியில் புல் விட்டால் ஐந்தாக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் காலையில் அரைமணி முன்னதாக வந்தால் நல்லது, கற்பூர மரத்துண்டு இன்னும் குழாய்க்குள்ளேதான் கிடக்கிறது. கயிறு என்னிடம் இருக்கிறது.